சித்த மருந்துப் புட்டியில் தமிழ் எச்சரிக்கை எங்கே? இந்திய மருத்துவத் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

தென்காசி மாவட்டத்தில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் நான். ஆங்கில மருந்துகளோடு, உரிமம் பெற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் சித்த மருந்துகளும் என் கடையில் உண்டு. நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர், திரிபலா சூரணம், அமுக்கரா சூரணம் என்று கேட்டு வருகிறவர்கள் அன்றாடம் இருக்கிறார்கள். வாங்கும்போது அவர்கள் கேட்கிற கேள்விகள் மிக எளியவை. இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? எத்தனை நாள் சாப்பிடலாம்? பிரஷர் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாதா? இதனால் குணமாகும் என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? ஆங்கில மருந்தாக இருந்தால் விடை தேடிச் சொல்ல என்னிடம் நூல்கள் இருக்கின்றன; அரசு வெளியிடும் பட்டியல் இருக்கிறது. சித்த மருந்துக்கோ, புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைத் தவிர என் கையில் எதுவும் இல்லை. அந்தத் தாளிலும் வேண்டிய விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

சித்த மருந்து வாங்குகிறவருக்குத் தான் வாங்குவது என்ன, அது எவ்வளவு தூரம் சோதிக்கப்பட்டது, கெடுதல் நேர்ந்தால் எங்கே சொல்வது என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். அதற்கான ஏற்பாட்டைத் தங்கள் துறை செய்ய வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். சித்த மருத்துவத்தை இழித்துப் பேசுகிறவர்களில் ஒருவனாக என்னை எண்ண வேண்டாம். குற்றால மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பிள்ளை பெற்ற வீட்டில் லேகியம் கிண்டும் வாசனையும், காய்ச்சல் வீட்டில் கஷாயம் கொதிக்கும் வாசனையும் எங்கள் தெருவுக்குப் புதியவை அல்ல. இந்த மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு கண்டதையும் விற்கிறார்களே என்ற ஆற்றாமைதான் என்னை எழுத வைக்கிறது.

அண்மையில் ஒரு பெரியவர், வயது எழுபதைத் தாண்டியிருக்கும், சிறு பிளாஸ்டிக் புட்டி ஒன்றை என் மேசை மேல் வைத்தார். மூட்டு வலிக்காகத் தொலைக்காட்சியில் ஓடிய எண்ணுக்குப் பேசி, கூரியரில் வரவழைத்தது. "தம்பி, இது ஒரு நாளைக்கு எத்தனை? எழுத்து ஒன்றும் விளங்கவில்லை" என்றார். வாங்கிப் பார்த்தேன். மேலே பெரிய தமிழ் எழுத்தில் மருந்தின் பெயர். அதன் கீழே 'இயற்கையானது, பக்க விளைவு இல்லாதது'. சேர்மானப் பட்டியல் மட்டும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் படித்தபோது அதில் இலிங்கமும் சேராங்கொட்டையும் இருந்தன. இலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பாடாணம், அதாவது நச்சுத் தாது. உட்கொள்ளும் அளவு என்ற இடத்தில் 'மருத்துவர் சொல்லியபடி' என்றிருந்தது. எந்த மருத்துவர்? தொலைபேசியில் பேசியது ஆணா பெண்ணா என்பதைத் தவிர வேறொன்றும் பெரியவருக்குத் தெரியவில்லை. புட்டியின் அடியில் ஓர் எச்சரிக்கை: மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகியிருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை அந்த நிறுவனம் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் இதில் கொடுமை. மருந்துகள் விதிகளில் 161ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. இ(1) அட்டவணையில் உள்ள நச்சுப் பொருள் சேர்ந்த உள்மருந்தின் மேல் இந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் பளிச்சென்று இருக்க வேண்டும். எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம், நாவி, இரசம் என்கிற பாதரசம், இலிங்கம் எல்லாம் அந்த அட்டவணையில் வருபவை. தமிழ்ப் பாட்டாக எழுதி வைக்கப்பட்ட மருத்துவம் இது. தமிழ்நாட்டில் தயாராகித் தமிழ்நாட்டிலேயே விற்பனையாகிறது. அதிலுள்ள நஞ்சைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் வாங்குகிறவருக்குப் புரியாத மொழிகளில் இருக்கிறது. விதி மத்திய அரசினுடையது, எங்களால் மாற்ற முடியாது என்று தாங்கள் சொல்லலாம். ஆங்கிலமும் இந்தியும் வேண்டும் என்று சொல்கிற விதி, தமிழ் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. உரிமம் வழங்கும் அதிகாரி தங்கள் துறையில் இருக்கிறார். 1983 முதல் நடந்துவரும் டாம்ப்கால், இம்மருந்துகளைத் தயாரிக்கும் அரசின் சொந்த நிறுவனம். இ(1) அட்டவணைப் பொருள் சேர்ந்த ஒவ்வொரு மருந்திலும், அந்தப் பொருளின் பெயரோடு, ஒரு நாளைக்கு உட்கொள்ளக்கூடிய உச்ச அளவோடு, தமிழில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று டாம்ப்காலில் தொடங்கி மற்ற நிறுவனங்களுக்கும் சொல்ல யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்?

அந்தப் பெரியவரைப் புட்டியோடு அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கிருந்த மருத்துவர் மருந்தை நிறுத்தச் சொல்லி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தாராம். ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். நோயாளி அவர்களிடம் போவதற்கு முன்பே கூரியர் வந்துவிடுகிறது.

இரசம், இலிங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பதறுகிறவன் அல்ல நான். உலோகத்தையும் பாடாணத்தையும் நெருப்பிலிட்டுப் பொடியாக்கிய செந்தூரமும் பற்பமும் முடிப்பதற்கு நம் மரபு வைத்த கட்டுப்பாடுகள் கடுமையானவை. முதலில் நச்சு நீங்கச் சுத்தி செய்ய வேண்டும். பிறகு குறித்த சாற்றில் குறித்த சாமம் அரைக்க வேண்டும், வில்லை தட்டிக் காய வைக்க வேண்டும், எண்ணிக்கை தவறாமல் வரட்டி அடுக்கி எரித்துப் புடம் போட வேண்டும். முடிந்த பற்பத்தில் மினுமினுப்பு இருக்கக் கூடாது. நாக்கில் சுவை தட்டக் கூடாது. நீரில் தூவினால் மிதக்க வேண்டும். இரு விரலிடையே தேய்த்தால் ரேகைக்குள் படிய வேண்டும். தரம் தேறாததை மறுபடி புடத்துக்கு அனுப்பினார்கள். கொடுக்கும்போதும் பணவெடை, குன்றியெடை என்று அளந்து, தேனிலா நெய்யிலா என்று அனுபானம் சொல்லி, பத்தியம் விதித்து, நாடி பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு பணவெடை என்பது 488 மில்லிகிராம். அத்தனை நுணுக்கமாக அளந்தவர்களின் பெயரால் இன்று 'காலை மாலை ஒரு ஸ்பூன்' என்று எழுதி விற்கிறார்கள். யாருடைய ஸ்பூன், தலை தட்டியா, குவித்தா?

ஆனாலும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ரேகையில் படிகிறதா என்ற சோதனை, பொடி எவ்வளவு மென்மையானது என்பதைக் காட்டும். அதைத் தொடர்ந்து ஓராண்டு உண்டவரின் சிறுநீரகத்தில் பாதரசம் சேர்ந்ததா என்பதைக் காட்டாது. அதற்கு ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கும் கருவி வேண்டும். அந்தக் கருவி பழைய வைத்தியரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் ஒரு குழு முடிவு வெளியிட்டது. 14 தயாரிப்புகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2008-இல் இணையத்தில் வாங்கிய 193 தயாரிப்புகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அப்படியே இருந்தது. அமெரிக்காவில் தயாரானவையும் இந்தியாவில் தயாரானவையும் இதில் ஏறக்குறைய சமம். முதல் ஆய்வு வந்ததும் நம் நாடு விழித்துக்கொண்டது. மூலிகை மட்டும் சேர்ந்த மருந்துகளை ஏற்றுமதி செய்வதானால் 2006 ஜனவரி 1 முதல் கன உலோகப் பரிசோதனை கட்டாயம் என்று மத்திய அரசு 2005 அக்டோபரில் ஆணையிட்டது. ஈயம், ஆர்செனிக், பாதரசம், காட்மியம் ஆகியவற்றுக்கு வரம்பும் குறித்தது. பாஸ்டனில் வாங்குகிறவருக்காகப் புட்டியில் கன உலோகம் வரம்புக்குள் இருக்கிறது என்ற உறுதிமொழியை அச்சிட முடிகிறது என்றால், எங்கள் பாவூர்சத்திரத்தில் வாங்குகிறவருக்காகவும் அச்சிட முடியும். தொகுதி எண்ணோடு, பரிசோதித்த தேதியோடு அச்சிடச் சொல்லுங்கள்.

இனி, பயன் தருகிறதா என்ற கேள்வி. இதில்தான் என் மனம் அதிகம் நொந்துபோகிறது. கீழாநெல்லியின் கதையைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் முழுதாகச் சொல்கிறேன்; ஏனென்றால் தமிழ்நாட்டில் அதன் முன்பாதிதான் புழங்குகிறது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது நம் ஊர்களில் தொன்றுதொட்ட வழக்கம். குடித்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். மருந்துக்கும் நல்ல பெயர் நிலைத்தது. ஆனால் ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். வெறும் மோர் குடித்தவருக்கும் இறங்கும். தேறியவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், தேற்றியது மூலிகையா உடம்பா என்பது ஒருநாளும் விளங்காது. ஒரே வகை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூலிகையும் மறு பிரிவுக்கு அதே போலத் தோன்றும் போலி மருந்தும் கொடுத்து ஒப்பிட்டால்தான் விளங்கும். அதைச் செய்து காட்டியவர்கள் நம்மவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து அந்தச் சோதனையை நடத்தியது. எடுத்துக்கொண்டது தானாக இறங்கும் காமாலையை அல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுங்காலம் உடலில் சுமப்பவர்களை. 1988 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளமான ஆன்டிஜென் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. வேலியோரத்துச் செடியை உலகமே திரும்பிப் பார்த்தது.

பின்பாதி இது. தாய்லாந்தில் அதே செடியை வைத்து நடந்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1990-இல் அதே லான்செட்டில் அந்த முடிவும் வெளியானது. வேறு சில முயற்சிகளும் கைகொடுக்கவில்லை. நடந்த சோதனைகளையெல்லாம் அலசிய காக்ரேன் ஆய்வு, ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி இனங்கள் பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2011-இல் சொன்னது. காரணம் செடியா, மண்ணா, நோயாளிகளின் வேறுபாடா, முதல் சோதனை சிறியதாக இருந்ததா என்று விவாதிக்கலாம். கடைகளில் கீழாநெல்லி என்று விற்பதிலும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகள் கலந்து வருவதைத் தென்னிந்தியச் சந்தை மாதிரிகளை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். சிறு சோதனையில் தெரிந்த பலன் பெரிய சோதனையில் கரைந்துபோவது எல்லா மருத்துவத்திலும் நடப்பதுதான். தியாகராஜன் குழுவின் பெருமை இதனால் ஒரு துளியும் குறையாது. கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு, செடியின் இனத்தை உறுதிசெய்து, பெரிய அளவில், பல ஊர்களில் நடத்தி முடித்து, 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டியது நாம். 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரி மட்டும் இன்றுவரை பொட்டலங்களில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஹெபடைடிஸ் பி-க்கான மாத்திரையை 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. அது தெரியாமல் பொடியை நம்பி ஆண்டுகளைக் கழித்து, வயிற்றில் நீர் கோத்த பிறகு பெரிய மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களை என் மேசைக்கு அப்பால் நின்று பார்க்கிறேன்.

சோதனையால் மூலிகைக்குக் கேடு வருமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. சர்ப்பகந்தா வேரை உயர் ரத்த அழுத்தக்காரர்களுக்குக் கொடுத்து அளந்து பார்த்த பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 1949-இல் பிரிட்டனின் இதயநோய் இதழில் அதை எழுதினார். அதன் பிறகுதான் மேற்கத்திய மருத்துவர்கள் அந்த வேரைத் தேடி வந்தார்கள். அதிலிருந்து பிரித்த ரிசர்பின் உலகெங்கும் மாத்திரையாகப் போனது. அதன் பக்க விளைவுகளும் அதே அளவீட்டில்தான் தெரிய வந்தன.

சீந்திலுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று நாடெங்கும் சீந்தில் சாறும் சூரணமும் கட்டுப்பாடில்லாமல் உண்ணப்பட்டன. 2020-இன் கடைசி மாதங்களில் மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததையும் அவர்கள் அனைவரும் சீந்தில் உண்டிருந்ததையும் கல்லீரல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அடுத்து, நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் விவரம் திரட்டப்பட்டது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் போக்கு உள்ளவர்களுக்குச் சீந்தில் அதைத் தூண்டிவிடக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. ஆயுஷ் அமைச்சகம் முதலில் இதை மறுத்தது. வேறு சீந்தில் இனத்தைத் தவறாக உண்டிருப்பார்கள் என்றது. அது நியாயமான சந்தேகம்தான். அப்படியானால் உரிமம் பெற்ற பொட்டலத்தில் எந்த இனம் இருக்கிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு? கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. குடிக்க வேண்டாம் என்று யாரையும் நான் தடுக்கவில்லை. கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக் குடியுங்கள், மாதக் கணக்கில் குடிக்காதீர்கள் என்ற இரண்டு வரி அந்தப் பொட்டலத்தில் இருந்தால் குடிநீருக்கு என்ன குறைந்துவிடும்?

எங்கள் ஊரில் அந்த நாட்களில் அண்டா அண்டாவாகக் கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். வரிசையில் நின்று குடித்தவர் யார், எத்தனை நாள் குடித்தார், பிறகு அவருக்குத் தொற்று வந்ததா, வேறு உபாதை வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள ஒருவரும் இல்லை. டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தபோதும் இதே காட்சிதான். இவ்வளவு பெரிய மக்கள் தொகை ஒரே கஷாயத்தை ஒரே காலத்தில் குடிக்கும் வாய்ப்பு எந்த ஆராய்ச்சியாளருக்கும் எளிதில் அமையாது. அடுத்த டெங்குக் காலம் எப்படியும் வரும். அதற்குள் ஒரு திட்டம் தயாராக இருக்கட்டும். சில வட்டாரங்களில் முதலில் கொடுத்து, சில வட்டாரங்களில் சில வாரம் கழித்துக் கொடுத்து, இரண்டிலும் காய்ச்சல் கண்டவர்களைக் கணக்கெடுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சென்னையில் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுவின் தலைமையகம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த மருத்துவத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 2022-இல் சட்டப்பேரவையே மசோதா நிறைவேற்றியது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முடிவு எதுவானாலும் தமிழில் வெளியிடுங்கள். பயன் இல்லை என்று வந்தாலும் வெளியிடுங்கள்.

சுக்குக் கஷாயத்துக்கும் கற்பூரவல்லிச் சாற்றுக்கும் ஆய்வு முடிவு கொண்டு வா என்று நான் கேட்கவில்லை. சளிக்கு இரண்டு நாள் குடிக்கிற கஷாயம் வேறு. இன்சுலினை நிறுத்து, நான் குணப்படுத்துகிறேன் என்று வருகிற பொடி வேறு. வாக்குறுதி பெரிதாகப் பெரிதாக, உண்ணும் காலம் நீள நீள, சான்றும் பெரிதாக இருக்க வேண்டும். இப்போதுள்ள 158-பி விதிப்படி, அங்கீகரித்த பழைய நூலில் உள்ளபடி, அதே நோய்க்காகச் செய்த மருந்துக்கு உரிமம் வாங்கப் பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை. நூலில் இருப்பதே ஆதாரம். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அதைப் புட்டியில் எழுதச் சொல்லுங்கள். பிரிட்டனில் மரபு மூலிகை மருந்தாகப் பதிவு பெற்றவற்றின் மேல், இதன் பயன் நெடுங்கால வழக்கத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது என்று அச்சிட வேண்டும். 'நூலாதாரம் உண்டு, நோயாளிகளிடம் ஆய்வு நடக்கவில்லை' என்று தமிழில் ஒரு வரி இருந்தால், வாங்குகிறவர் தெரிந்து வாங்குவார். ஆய்வு நடத்திய நிறுவனம் அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும். செலவழித்துச் சோதிக்கிறவனுக்கும் சோதிக்காதவனுக்கும் இன்று சந்தையில் ஒரே மரியாதைதான்.

விளம்பரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம், பக்கவாதம், சிறுநீரகக் கல் உள்ளிட்ட 54 நோய்களுக்கும் குறைகளுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விளம்பரத்துக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்ற 170ஆம் விதியை மத்திய அரசு 2024 ஜூலையில் நீக்கியது. அந்த நீக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடையும் 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்தபோது விலகிவிட்டது. ஆகவே இப்போது கையிலிருப்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம்தான், அது உயிரோடுதான் இருக்கிறது. காலை நேரத்தில் உள்ளூர் சேனல்களை ஒரு மணி நேரம் பார்க்கத் தங்கள் அலுவலகத்தில் ஒருவரை அமர்த்தினால் போதும்.

என் தொழிலிலிருந்து ஒரு செய்தி. ஆங்கில மருந்துகளில் தரம் தேறாதவற்றின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. மருந்தின் பெயர், தொகுதி எண், தயாரித்தவர், என்ன குறை என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்துத் திருப்பி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருப்பதை 2025 அக்டோபரில் நம் மாநில ஆய்வுக்கூடம்தான் கண்டுபிடித்தது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்துவிட்டார்கள். அந்தக் கொடுமைக்கு ஆறுதல் கிடையாது. ஆனாலும் தொகுதி எண் வெளியானதால் மிச்சமிருந்த புட்டிகளைக் கடைகள் விலக்க முடிந்தது. ஆங்கில மருந்து உத்தமம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதிலும் நஞ்சு வருகிறது, வந்தால் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. சித்த மருந்துக்கு அப்படி ஒரு மாதப் பட்டியல் என் கடைக்கு வந்ததே இல்லை. தங்கள் துறை மாதிரி எடுக்கிறது, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறது. முடிவுகளைத் தொகுதி எண்ணோடு மாதந்தோறும் வெளியிடுங்கள். தேறியவற்றையும் வெளியிடுங்கள், நேர்மையாகத் தயாரிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

அந்தப் பரிசோதனையில் ஸ்டீராய்டையும் தேட வேண்டும். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் மூலிகை என்று விற்கப்படும் பொடிகளில் டெக்சாமெத்தசோன் போன்றவற்றைக் கலப்பது பழைய மோசடி. மூன்று நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். சாப்பிட்டவர் 'உடம்பு தேறுகிறது' என்று மகிழ்வார். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், நிறுத்தினால் மயங்கி விழுவார். பழி சித்த மருத்துவத்தின் மேல் விழும்.

கலப்படம் இல்லாத நல்ல சரக்குக்கும் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. வறட்டு இருமலுக்கு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்வது நல்ல பழக்கம். அதையே நாள்தோறும் மாதக் கணக்கில் உண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை உண்பவருக்கு இது இன்னும் ஆபத்து. எங்கள் பகுதிப் பெண்மணி ஒருவருக்கு மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் அழுத்தம் இறங்கவே இல்லை. வேறென்ன சாப்பிடுகிறீர்கள், அக்கா என்று கேட்டபோது, "மருந்து வேறு ஒன்றும் இல்லை" என்றார். குரல் கம்மலுக்கு அதிமதுரப் பொடி பல மாதங்களாகத் தினமும் இரு வேளை உண்பதை அவர் மருந்தாகவே கருதவில்லை. மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன். பொடியை நிறுத்திய பிறகு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. இந்த அனுபவம் என்னோடு நின்றுபோயிற்று. எங்கே எழுதி அனுப்புவது?

எழுதி அனுப்ப இடம் இருக்கிறது என்பதைப் பின்னர்தான் தேடித் தெரிந்துகொண்டேன். ஆயுஷ் மருந்துகளால் நேரும் கெடுதல்களைப் பதிவு செய்யத் தேசியத் திட்டம் ஒன்று சில ஆண்டுகளாக நடக்கிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் ஒரு மையம். மருந்தாளுநரான எனக்கே தேடித்தான் கிடைத்தது என்றால் வாங்குகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்தப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பலகை வையுங்கள். மருந்துப் புட்டியிலேயே ஒரு தொலைபேசி எண் அச்சாகட்டும். ரேஷன் புகாருக்கு எண் இருப்பது போல. 'எந்த மருந்து, எத்தனை நாள், என்ன ஆயிற்று, வேறு எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று நான்கு கேள்விகளோடு ஒரு பக்கப் படிவம் தமிழில் வரட்டும்.

அந்தப் பெரியவரின் புட்டியை நான்கு பக்கமும் படமெடுத்து, அவர் பெயரை மறைத்து, தங்கள் அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தொகுதி எண் தெளிவாகத் தெரிகிறது. அதே தொகுதியில் மாதிரி எடுத்துச் சோதித்து முடிவை எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். படிவம் தமிழில் அச்சானால் எங்கள் கடைக்கு ஒரு கட்டு அனுப்புங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, எழுதத் தெரியாதவர்களுக்கு நானே நிரப்பி, மாதக் கடைசியில் சேர்த்து அனுப்பி வைக்கிறேன். பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் சிலரும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மருந்தாளுநர்
தென்காசி மாவட்டம்